கட்டங்களில் மாலைமாற்று: ஓர் எண்ணிக்கைக் கலையின் வரலாறு

முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் மாறாமல் ஒன்றாகவே அமையும் எழுத்துத் தொடரைத் தமிழ் அணி நூலார் மாலைமாற்று என்றனர். அத்தொடரை ஒரு வரியில் அமைப்பதோடு நில்லாமல், சதுரக் கட்டங்களில் எழுத்துகளை நிரப்பி, இடம் வலம், மேல் கீழ் என எத்திசையிலிருந்து படித்தாலும் பொருள் தருமாறு செய்யும் கலை ரோமிலும் சீனத்திலும் இந்தியாவிலும் ஸ்பெயினிலும் பற்பல காலங்களில் வளர்ந்திருக்கிறது. இக்கலையைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுந்தன. அத்தகைய கட்டத்தை எப்படிப் படைப்பது என்பது முதலாவது. படைத்த கட்டத்துக்குள் ஒரு தொடரை எத்தனை வழிகளில் படிக்கலாம் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்குப் புலவர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டனர். இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு வழியையும் படித்துப் பட்டியலிட்டு விடை சொல்லும் முறையே நெடுங்காலம் இருந்தது. பட்டியலிடாமலேயே எண்ணிச் சொல்லும் முறை மிகப் பிந்தியே மாலைமாற்றுக் கட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த முறை எங்கிருந்து வந்தது, இன்றைய கணினி நெறிமுறைகளில் அது எவ்வாறு நிலைபெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரோமச் சதுரமும் சீனப் பட்டும்

கட்டத்தில் அமைந்த மாலைமாற்றுகளுள் மேலைநாட்டில் மிகப் பழையது, சாத்தோர், அரேப்போ, தெனெத், ஓபெரா, ரோத்தாஸ் என்னும் ஐந்து லத்தீன் சொற்களால் ஆன சதுரமாகும். ஐந்தெழுத்துச் சொற்கள் ஐந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இருபத்தைந்து அறைகளில் எழுதப்படும்போது, கிடைவரிகளில் தோன்றும் அதே சொற்கள் நெடுவரிகளிலும் தோன்றுகின்றன; கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தாலும் அவையே வருகின்றன. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரில், ரோத்தாஸ் என்ற சொல்லில் தொடங்கும் வடிவத்தின் துண்டு ஒன்று 1925-இலும், உடற்பயிற்சிக் கூடத்தின் தூண் ஒன்றில் கீறப்பட்ட முழு வடிவம் 1936-இலும் கண்டறியப்பட்டன. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் நகரில் 1868-இலேயே சுவர்ப்பூச்சில் எழுதப்பட்ட மற்றொரு படி கிடைத்திருந்தது.

இச்சதுரத்தின் கட்டுக்கோப்பை எண்ணிப் பார்த்தால் அதன் ஆசிரியருக்கு இருந்த நெருக்கடி விளங்கும். ஓர் அறையில் ஓர் எழுத்தை இட்டவுடன், மூலைவிட்டத்துக்கு அப்பால் அதற்கு எதிரே உள்ள அறையிலும், சதுரத்தை அரைச்சுற்றுச் சுழற்றினால் அது போய் நிற்கும் அறையிலும் அதே எழுத்தை இட்டே ஆக வேண்டும். இவ்வாறு ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் அறைகளைக் கூட்டங்களாகப் பிரித்தால் இருபத்தைந்து அறைகளும் ஒன்பது கூட்டங்களாகச் சுருங்கிவிடுகின்றன. அதாவது புலவன் தன் விருப்பப்படி இடக்கூடிய எழுத்துகள் ஒன்பதே. மற்றப் பதினாறும் தாமாகவே அமைந்துவிடும். அந்த ஒன்பதிலும் ஒரே எழுத்து இருமுறை வருவதால் சதுரம் முழுவதிலும் உள்ள வேறுவேறு எழுத்துகள் எட்டுதான்.

சீனத்தில் இக்கலை வேறொரு பேரளவை எட்டியது. கி.பி. நான்காம் நூற்றாண்டில், முற்சின் அரசின் காலத்தில் வாழ்ந்த சூ ஹூய் என்ற பெண்புலவர், தம்மைப் பிரிந்திருந்த கணவருக்காக ஐந்து வண்ண நூல்களால் பட்டுத் துணியில் ஒரு கட்டக்கவிதையை நெய்தார் என்பது மரபு. வரிக்கு 29 எழுத்துகளாக 29 வரிகள் கொண்ட அக்கட்டத்தில் 841 சீன எழுத்துகள் உள்ளன. நடுவில் நிற்கும் எழுத்து பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்றும், முதலில் இருந்தவை 840 என்றும் கூறுவர். அதனை முன்னும் பின்னும், நெடுக்கிலும் குறுக்கிலும், வண்ணப் பகுதிகளைச் சுற்றியும் படிக்கும்போது மூன்று முதல் ஏழு எழுத்து வரையிலான அடிகளைக் கொண்ட பாடல்கள் வெளிப்படுகின்றன. அப்பாடல்கள் எத்தனை என்ற கேள்வி சீன அறிஞர்களைத் தலைமுறை தலைமுறையாக ஈர்த்தது. சீசோங் என்ற துறவி 3,752 பாடல்களைப் பிரித்தெடுத்தார்; மிங் அரசர் காலத்தில் காங் வான்மின் மேலும் 4,206 பாடல்களைக் கண்டு, தொகையை 7,958 ஆக்கினார். இது பொறுமையின் சாதனை. ஆயினும் ஒவ்வொரு பாடலையும் படித்து, எழுதி வைத்து, பின்னர் எண்ணியதால் கிடைத்த தொகை இது. அடுத்து ஓர் அறிஞர் புதிய படிப்புவழி ஒன்றைக் கண்டால் தொகை மாறும். பட்டியலிட்டு எண்ணும் முறையின் வலிமையும் வரம்பும் இங்கு ஒருங்கே தெரிகின்றன.

இந்தியச் சித்திரகவி

இந்தியப் புலவர்கள் இத்துறையில் செய்த மிக நுட்பமான படைப்பு சர்வதோபத்திரம்; தமிழில் அது சருப்பதோபத்திரம் என வழங்கும். கி.பி. 634-ஆம் ஆண்டின் ஐகோளெக் கல்வெட்டில் காளிதாசனுடன் சேர்த்துப் புகழப்படும் பாரவி, தம் கிராதார்ச்சுனீயத்தின் பதினைந்தாம் சருக்கத்தில் இவ்வகைச் செய்யுள் ஒன்றைப் பாடியுள்ளார். அவருக்குப் பின்வந்த மாகரும் சிசுபாலவதத்தில் இதனைச் செய்துகாட்டினார். அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடிகள் கொண்ட செய்யுளை அறுபத்து நான்கு அறைகளில், மேல் நான்கு வரிகளில் முதலடி முதல் நான்காமடி வரையிலும், கீழ் நான்கு வரிகளில் நான்காமடி முதல் முதலடி வரையிலுமாக எழுத வேண்டும். அப்போது ஒவ்வொரு கிடைவரியும் தனித்தனியே மாலைமாற்றாக அமைவதோடு, நெடுவரிகளைப் படித்தாலும் அதே அடிகள் கிடைக்க வேண்டும்.

இங்கும் கட்டுப்பாட்டின் அளவை எண்ணிக் காட்ட முடியும். எட்டெழுத்து அடி மாலைமாற்று ஆதலால் அதன் முதற்பாதியான நான்கெழுத்தே புலவனின் தேர்வு. எனவே கட்டத்தின் இடது மேற்கால்பகுதியான பதினாறு அறைகளை நிரப்பினால் போதும். அப்பதினாறும் கிடையாகவும் நெடுக்காகவும் ஒன்றுபோல் படிக்கப்பட வேண்டுமாதலால், மூலைவிட்டத்தில் உள்ள நான்கும், அதற்கு ஒருபுறத்தில் உள்ள ஆறும் ஆகப் பத்து அறைகள் மட்டுமே அவன் கையில் உள்ளன. பத்து எழுத்துகளால் அறுபத்து நான்கு அறைகளும் முடிவாகிவிடுகின்றன. முடிந்த கட்டத்தில் ஒவ்வோர் அடியும் இரண்டு கிடைவரிகளிலும் இரண்டு நெடுவரிகளிலும் ஆக நான்கு இடங்களில் நிற்கிறது. ஒவ்வோரிடத்திலும் இருதிசையாகப் படிக்கலாம் என்பதால் ஓரடியை எட்டு வழிகளில் படிக்கலாம்.

தமிழில் கட்டத்துக்கு முன்பே வரி வந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அதன் முதற்பாடலில் அடிக்குப் பதினான்காக மொத்தம் 28 எழுத்துகள். அவற்றுள் ஒரு மெய்யெழுத்தும் இல்லை, ஒரு குறிலும் இல்லை. புள்ளி பெற்ற மெய் எதிர்வரிசையில் படிக்கும்போது சொல்லின் முதலில் வந்து நிற்கும் இடர் உண்டாதலால் அதனை அறவே தவிர்த்து, ஆறே நெட்டெழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி 28 இடங்களையும் நிரப்பியிருக்கிறார். 28 இரட்டைப்படை எண் என்பதால் இப்பாடலுக்கு நடுவெழுத்து கிடையாது. முதலடியின் ஈற்றெழுத்துக்கும் இரண்டாமடியின் முதலெழுத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியே அதன் நடு. நடுவில் எழுத்து நிற்கும் மாலைமாற்றுக்கும் இடைவெளி நிற்கும் மாலைமாற்றுக்கும் உள்ள இவ்வேறுபாடு, பிற்கால எண்ணிக்கை வரலாற்றில் பெரிதும் பயன்படப் போவதாகும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, நாகபந்தம், சுழிகுளம், சக்கரம், சருப்பதோபத்திரம் முதலிய சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் மாறனலங்காரத்தில் இவற்றை மேலும் விரித்தார். 1929-இல் மறைந்த பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் வரை சதுரங்க பந்தம், மயூர பந்தம் போன்றவை தமிழில் தொடர்ந்து பாடப்பட்டுள்ளன. ஆயினும் அணியிலக்கணத்தின் நோக்கம் படைப்பது, படித்துக் காட்டுவது என்பவற்றோடு நின்றது. எண்ணுவதற்கான கருவி இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. அது யாப்பின் பக்கம் இருந்தது. பிங்கலரின் சந்த சூத்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை கண்ட அலாயுதர், குறிலும் நெடிலும் கலந்து வரும் அடிகள் எத்தனை வகைப்படும் என்பதை ஒவ்வொன்றாக எழுதிப் பாராமல், மேலிரு எண்களைக் கூட்டிக் கீழெண்ணை எழுதும் மேருப் பிரத்தாரம் என்னும் முக்கோண அடுக்கால் விளக்கினார். எழுத்துக் கட்டத்தின் வழிகளை எண்ணத் தேவைப்படுவதும் இதே அடுக்குதான்.

சீலோ மன்னனின் கல்

ஸ்பெயினின் வடபகுதியான அஸ்தூரியாஸை 774 முதல் 783 வரை ஆண்ட சீலோ என்ற மன்னன், பிராவியாவுக்கு அருகில் தான் எழுப்பிய தேவாலயத்தில், 19 நெடுவரிகளும் 15 கிடைவரிகளும் கொண்ட எழுத்துப் புதிர்க்கல் ஒன்றை வைத்தான். சீலோ அரசன் செய்தான் என்று பொருள்படும் 17 எழுத்து லத்தீன் தொடர், 285 அறைகளின் நடுவறையில் தொடங்கி நான்கு மூலைகளில் முடிகிறது. நடுவிலிருந்து ஒரு மூலையை அடைய ஒன்பது படி பக்கவாட்டிலும் ஏழு படி மேலோ கீழோ ஆகப் பதினாறு படிகள் நகர வேண்டும். அப்பதினாறில் எந்த ஏழு மேல்கீழ்ப் படிகள் என்று தேர்ந்தெடுப்பதே ஒரு வழியைத் தேர்வதாகும். பதினாறில் ஏழைத் தேரும் வகைகள் 11,440. நான்கு மூலைகளுக்கும் 45,760. அலாயுதரின் மேருவில் நடுவரையை அடுத்து நிற்கும் எண்களுள் ஒன்றே இந்த 11,440.

இக்கல்லில் மன்னன் பெயர் முன்னோக்கியே படிக்கப்படுகிறது. ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் நடுவறையிலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்தே அமைவதால், கல்லின் எந்தக் கிடைவரியை எடுத்தாலும், எந்த நெடுவரியை எடுத்தாலும் அது மாலைமாற்றாகவே இருக்கும். ஒரு மூலையில் தொடங்கி நடுவைத் தொட்டு மீண்டும் ஏதேனும் ஒரு மூலையில் முடிவதை ஒரு படிப்பாகக் கொண்டால், உட்செல்லும் வழிகள் 45,760, வெளிவரும் வழிகள் 45,760 ஆக, மாலைமாற்று வழிகளின் தொகை இவ்விரண்டின் பெருக்கம். அது 209 கோடியைத் தாண்டும். பட்டியலிட முற்பட்டால் ஓர் ஆயுள் போதாத இத்தொகையை ஒரு பெருக்கல் சொல்லிவிடுகிறது.

டியூடெனியின் புதிர்கள்

மாலைமாற்றுக் கட்டத்தை எண்ணிக்கைப் புதிராகவே அமைத்து, அதற்குப் பொதுவிதியும் எழுதியவர் இங்கிலாந்தின் ஹென்றி எர்னஸ்ட் டியூடெனி. 1857-இல் சசெக்ஸில் பிறந்து, சிறு வயதிலேயே எழுத்தர் வேலைக்குச் சென்று, கணிதத்தைத் தாமே கற்ற அவர், 1910 முதல் 1930-இல் மறையும் வரை ஸ்ட்ராண்ட் இதழில் புதிர்ப் பகுதி எழுதினார். 1907-இல் வெளிவந்த கேன்டர்பரி புதிர்கள் என்ற நூலில் அவர் வைத்த ஒரு புதிரில், அப்ரகடப்ரா என்ற பதினோரெழுத்து மந்திரச்சொல் முக்கோணமாக எழுதப்பட்டிருக்கும். உச்சியில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் இடம், வலம் என இரண்டு தேர்வுகள் இருப்பதால் பத்துப் படிகளில் 1,024 வழிகள். அதே நூலில் முப்பதாவதாக இடம்பெற்றது, நான் பார்த்தது ஓர் எலியா என்று வினவும் பதின்மூன்றெழுத்து ஆங்கில மாலைமாற்று. அதன் ஏழாம் எழுத்து நடுவறையில் நிற்க, மற்ற எழுத்துகள் அதைச் சுற்றி வைர வடிவில் 85 அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். விளிம்பில் எங்கு வேண்டுமானாலும் தொடங்கி, பக்கத்து அறைக்கு மட்டுமே நகர்ந்து, வாக்கியத்தை எத்தனை வழிகளில் படிக்கலாம் என்பதே கேள்வி.

வாக்கியத்தை அவர் நடுவில் வெட்டினார். நடுவெழுத்திலிருந்து விளிம்புவரை செல்லும் வழிகளை மட்டும் முதலில் எண்ண வேண்டும். வைரத்தின் ஒரு கால்பகுதிக்குள் ஒவ்வொரு படியிலும் இரண்டு தேர்வுகள் என்பதால் ஆறு படிகளில் 64 வழிகள். நான்கு கால்பகுதிகளுக்கும் 256. அவற்றுள் நேராகச் செல்லும் நான்கு வழிகள் அடுத்தடுத்த கால்பகுதிகள் இரண்டிலும் எண்ணப்பட்டுவிட்டதால் நான்கைக் கழிக்க, 252 எஞ்சும். உள்வரும் பாதியும் வெளிச்செல்லும் பாதியும் ஒரே எழுத்துகளின் எதிர்வரிசை ஆதலால் இரண்டுக்கும் அதே 252. இரண்டையும் பெருக்கினால் 63,504. 1917-இல் வெளிவந்த கணித விளையாட்டுகள் என்ற தம் நூலில், வாக்களிக்க எழுந்து வாரும் ஐயா என்று பொருள்படும் மற்றொரு பதின்மூன்றெழுத்து வாக்கியத்தைப் புதிராக வைத்து, இவ்வகைக் கட்டங்கள் அனைத்துக்கும் பொருந்தும் விதியையும் அவர் அச்சிட்டார்: நடுவிலிருந்து விளிம்புக்கு எத்தனை படிகளோ அத்தனை முறை இரண்டைப் பெருக்கி, ஒன்றைக் கழித்து, நான்கால் பெருக்கி, வந்த தொகையைத் தன்னாலேயே பெருக்க வேண்டும்.

நடுவில் எழுத்து இல்லாத மாலைமாற்றுக்கு இவ்விதி பொருந்தாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதே நூலிலுள்ள ஹன்னா புதிர் இதற்குச் சான்று. அப்பெயர் ஆங்கிலத்தில் ஆறெழுத்து. மூன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் னகரவொலி தரும் ஒரே எழுத்து. ஆறுக்கு ஆறு கட்டத்தில் வெளி வளையம் முழுவதும் ஹகரம், அடுத்த வளையம் முழுவதும் அகரம், நடுவில் நான்கு னகரம். மூலைவாக்கிலும் நகரலாம். ஒரு னகர அறையிலிருந்து ஐந்து அகர அறைகளைத் தொடலாம். அவற்றுள் மூலையில் உள்ள ஒன்றிலிருந்து ஐந்து ஹகரங்களும், மற்ற நான்கிலிருந்து மும்மூன்று ஹகரங்களும் எட்டும். ஆக, பாதிப்பெயரைப் படிக்கும் வழிகள் 17. நான்கு னகரங்களுக்கும் 68. இங்கே 68-ஐத் தன்னாலேயே பெருக்கினால் விடை தவறாகும். ஏனெனில் ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்துக்கு நகர்ந்தே ஆக வேண்டும் என்பது விதி, நின்ற னகரத்திலேயே நின்று அதனை இருமுறை படிக்க இயலாது. எனவே முதல் னகரத்துக்கு நான்கு தேர்வு, இரண்டாவதற்கு மூன்று தேர்வு, இருபுறமும் 17 வழிகள் எனப் பெருக்கி 3,468 என்ற விடையை அடைந்தார். சம்பந்தரின் 28 எழுத்துப் பாடலில் நடுவாக நின்ற இடைவெளி, இங்கே கணக்கின் போக்கையே மாற்றும் காரணியாகிறது.

கணினி நெறிமுறைகள்

டியூடெனியின் கட்டங்கள் ஒழுங்கானவை. எழுத்துகள் வளையம் வளையமாக நிற்பதால் ஒரு சூத்திரம் போதும். எழுத்துகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் கட்டத்தில், மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு வலப்புறமாகவும் கீழாகவும் மட்டுமே நகர்ந்து, எத்தனை வழிகள் மாலைமாற்றாக அமையும் என்று கேட்டால் சூத்திரம் உதவாது. இருபதுக்கு இருபது கட்டத்திலேயே மூலைக்கு மூலை 3,534 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருப்பதால் ஒவ்வொன்றாகச் சோதிப்பதும் ஆகாது. இதற்குக் கைகொடுத்தது, அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வளர்த்து 1957-இல் நூலாக வெளியிட்ட டைனமிக் புரோகிராமிங் என்னும் முறை. பெரிய கேள்வியைச் சிறு கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விடையையும் ஒருமுறை மட்டுமே கண்டு அட்டவணையில் எழுதி, மீண்டும் மீண்டும் அதனையே பயன்படுத்துவது இம்முறையின் சாரம்.

விகடகவி என்ற சொல்லைக் கொண்டு இதனை அருகிலிருந்து காணலாம். மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்றில் எழுத்துகள் இவ்வாறு நிற்கின்றன எனக் கொள்க:

வி க ட
க ட க
ட க வி

நெறிமுறை இரு மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்படுகிறது. முன்னோக்கி வருவது நிற்கும் அறையும் பின்னோக்கி வருவது நிற்கும் அறையும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும், அங்கு வந்து சேரும் பொருத்தமான வழிகள் எத்தனை என்று எழுதிக்கொள்கிறது. இரண்டு அறைகளிலும் ஒரே எழுத்து இல்லையெனில் அவ்விணைக்குச் சுழியம் இடுகிறது. முதற்படியில் இரு மூலைகளிலும் வி, வழி ஒன்று. இரண்டாம்படியில் இரண்டு க, எதிரே இரண்டு க; நான்கு இணைகளிலும் ஒவ்வொன்று. மூன்றாம்படியில் இரண்டும் நடு மூலைவிட்டத்தில் ஒரே அறையில் சந்திக்க வேண்டும்: மேல் வலது ட-வுக்கு ஒரு வழியும், நடு ட-வுக்கு இருபுறமும் இரண்டு வழிகளைப் பெருக்கி நான்கும், கீழ் இடது ட-வுக்கு ஒன்றும் ஆக மொத்தம் ஆறு. நடு ட-வை அழித்து ர என்று எழுதினால், விகடகவி என்ற சொல்லைப் படிக்கும் வழிகள் இரண்டாகக் குறைந்துவிடும். ஆனால் மாலைமாற்றாக அமையும் வழிகள் ஆறாகவே நிற்கும், ஏனெனில் நடுவெழுத்து எதுவாயினும் மாலைமாற்று கெடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட சொல்லை எண்ணுவதும் எந்த மாலைமாற்றையும் எண்ணுவதும் வேறுவேறு கணக்குகள் என்பது இதனால் தெளிவாகும். இருபதுக்கு இருபது கட்டத்தில் இந்நெறிமுறை நிரப்ப வேண்டிய இணைகள் 2,870 மட்டுமே.

நேர்வரித் தொடர்களிலும் இதே நடுவெழுத்து நோக்கு வெற்றி பெற்றது. 1975-இல் அமெரிக்கக் கணினியியலார் கிளென் மனாச்சர் வெளியிட்ட நெறிமுறையின் வழியே, ஒரு தொடரிலுள்ள மாலைமாற்றுத் துண்டுகள் அனைத்தையும், தொடரின் நீளம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்குமேயன்றி அதற்குமேல் பெருகாத வகையில் கண்டறிய முடிந்தது. 28 எழுத்துத் தொடரில் 406 துண்டுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதற்குப் பதிலாக, 28 எழுத்துகளும் 27 இடைவெளிகளும் ஆகிய 55 நடுக்களைச் சுற்றி எவ்வளவு தூரம் பொருத்தம் நீள்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். பெரிய மாலைமாற்று ஒன்றின் வலப்பாதி இடப்பாதியின் எதிருரு என்பதால், இடப்பாதியில் முன்பே கண்டவற்றை வலப்பாதிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதே வேகத்துக்குக் காரணம். 2001-இல் திரூபே, ஜூஸ்தென், பிரில்லோ ஆகிய மூவர், ஒரு தொடரில் எத்தனை எழுத்துகளோ அத்தனைக்கு மேல் வேறுவேறு மாலைமாற்றுத் துண்டுகள் இருக்க இயலாது என்று நிறுவினர். விகடகவி அந்த உச்சவரம்பைத் தொடும் சொல். வி, க, ட, கடக, விகடகவி என ஐந்தெழுத்தில் ஐந்து மாலைமாற்றுகள் அதனுள் உள்ளன.

இருபரிமாணக் கட்டமே மாலைமாற்றாக அமைவது என்றால் என்ன என்பதற்கும் இதே காலத்தில் வரையறை பிறந்தது. 2001-இல் வலேரி பெர்த்தே, லோரான் வுய்யோன் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலார், அரைச்சுற்றுச் சுழற்றினாலும் மாறாத எழுத்துக் கட்டத்தை இருபரிமாண மாலைமாற்று எனக் கொண்டனர். எல்லாக் கிடைவரிகளும் நெடுவரிகளும் தனித்தனியே மாலைமாற்றாக இருக்க வேண்டும் என்னும் கடுமையான வகையும் பின்னர் ஆராயப்பட்டது. பொம்பேயின் சதுரம் முதல் வகையைச் சார்ந்தது. அதன் நடுவரிகளைத் தவிர மற்றவை தனித்து மாலைமாற்றாகா. பாரவியின் சருப்பதோபத்திரமும் சீலோவின் கல்லும் இரண்டாம் வகையின் பழைய எடுத்துக்காட்டுகள். எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் 1,296 செவ்வகத் துண்டுகளும், ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டத்துக்குள் ஏறத்தாழ 25,050 கோடித் துண்டுகளும் இருப்பதால், அவற்றுள் எவை மாலைமாற்று என்று காண்பதற்கும் தனி நெறிமுறை தேவைப்பட்டது. 2016-இல் கெய்சால்ஸ், சோகோல் ஆகிய இருவர் அத்தகைய ஒன்றை வெளியிட்டனர். 2017-இல் சென்னை ஐஐடியின் கணிதத் துறையைச் சேர்ந்த மனாசி குல்கர்னி, கல்பனா மகாலிங்கம் ஆகியோர் இருபரிமாண மாலைமாற்றுகளின் பண்புகளை ஆராய்ந்து எழுதினர்.

தமிழெழுத்து என்னும் அலகு

இந்நெறிமுறைகளைத் தமிழ்ச் சித்திரகவிகளுக்குப் பொருத்தும்போது ஒரு தடை குறுக்கிடுகிறது. மனாச்சரின் நெறிமுறைக்கு எது ஓர் எழுத்து என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தமிழ் யாப்பும் அணியும் 247 எழுத்துகளையும் தனித்தனி அலகாகக் கொண்டவை. வி என்பது ஓரெழுத்து. 1991-இல் வெளிவந்த யூனிகோடு குறியேற்றத்திலோ, வி என்பது வகரத்துக்கு ஒரு குறியும் இகரக் கொக்கிக்கு மற்றொரு குறியுமாக இரண்டு குறிகளால் ஆனது. ஐந்தெழுத்தாகிய விகடகவி கணினிக்குள் ஏழு குறிகளாக நிற்கிறது. அவ்வேழையும் அப்படியே எதிர்வரிசையில் அடுக்கினால் கொக்கி முதலில் வந்து, சொல் மாலைமாற்று அன்று என்ற விடை கிடைக்கும். சம்பந்தரின் பதிகத்துக்கும் இதே கதிதான்: துணைக்காலும் ஈகாரக் கொக்கியும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்று, பதின்மூன்று நூற்றாண்டு காலமாக மாலைமாற்றாகப் படிக்கப்படும் பாடலை மாலைமாற்று அன்று என்று கணினி சொல்லிவிடும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தரும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. யூனிகோட்டிலும் கொக்கிகளை அவற்றின் மெய்யோடு சேர்த்து ஓரலகாகத் தொகுத்துவிட்டு, அதன்பின் நெறிமுறையை இயக்கினால் இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

சூ ஹூயின் பட்டிலிருந்து இன்றைய நெறிமுறைகள் வரையிலான வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், கணினி கொண்டுவந்தது வேகமும் துல்லியமான வரையறையுமே என்பதும், எண்ணும் உத்தி அதற்கு முந்தியது என்பதும் தெளிவாகும். மாலைமாற்றை நடுவில் வெட்டிப் பாதியை மட்டும் எண்ணிப் பெருக்கும் டியூடெனியின் வழி, மேருவின் முக்கோண அடுக்கைப் போலவே, கையால் எண்ணியவர்கள் பட்டியலின் சுமையிலிருந்து விடுபடக் கண்ட வழி. மனாச்சரின் 55 நடுக்களும் இருமுனையிலிருந்து புறப்படும் கட்ட நெறிமுறையும் அதன் விரிவுகள். தண்டியலங்காரமும் மாறனலங்காரமும் இலக்கணம் வகுத்த சுழிகுளமும் சருப்பதோபத்திரமும் கட்டத்தில் எழுதப்படுவதற்கென்றே பிறந்தவை. அவற்றின் படிப்புவழிகளை முறையாக எண்ணுவதற்கு வேண்டிய கணிதம் இன்று முழுமையாகக் கைவசம் உள்ளது. தமிழ்ச் சித்திரகவிகளைக் கணினியில் பதிப்பிக்க முனைவோர், குறிகளை அல்லாமல் எழுத்தையே அலகாகக் கொண்டு அவற்றைக் கட்டங்களாகவே பதிவு செய்ய வேண்டும். எண்ணும் வேலையை நெறிமுறை பார்த்துக்கொள்ளும்.